வாஷிங் மெஷினுக்குள்ளும் ஒரு ஓ.எஸ். ஓடுது... அதோட ஆயுசு யார் கையில்?

ஜெர்மனிக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் புதுசா அறிமுகமாகிறவர்கள், "தம்பி எந்தக் கம்பெனி, என்ன வேலை?" என்று கேட்பார்கள். "எம்பெடட் சாஃப்ட்வேர்" என்பேன். "அப்படின்னா, ஆப் எழுதறதா?" என்று அடுத்த கேள்வி வரும். "இல்லீங்க, வாஷிங் மெஷின், ஹீட்டர், கார் இதுக்குள்ளே எல்லாம் ஓடுற ஆபரேட்டிங் சிஸ்டம்" என்றால் பேச்சு அதோடு நின்றுவிடும். ஒருமுறை யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் மட்டும் விடாமல், "வாஷிங் மெஷினுக்கு என்னத்துக்குத் தம்பி விண்டோஸ்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. கையில் சர்க்கரைப் பொங்கல் தட்டோடு நின்றபடி ரெண்டு நிமிஷத்தில் பதில் சொல்ல முடியாத கேள்வி. அதனால் இங்கே எழுதுகிறேன். ஊரில் இருக்கிற நம் அப்பா அம்மா வீடு சம்பந்தப்பட்ட விஷயம் ஒன்றும் இதில் இருக்கிறது.

உங்கள் வீட்டில் எத்தனை கம்ப்யூட்டர் என்று கேட்டால் லேப்டாப், டேப்லெட், போன் என்று ஐந்தாறு சொல்வீர்கள். வைஃபை ரௌட்டர், டிவி ரிமோட், இண்டக்‌ஷன் அடுப்பு, பி.பி. பார்க்கிற மெஷின், எலெக்ட்ரிக் டூத்பிரஷ், கார் சாவி இதையெல்லாம் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. எல்லாவற்றிலும் ஒரு சின்ன பிராசசர் இருக்கிறது. கார் ஒன்றிலேயே பல டஜன் இருக்கும். கையில் இருக்கிற ஸ்மார்ட்போனில் ஆண்ட்ராய்டு மட்டும்தான் ஓடுகிறது என்று நினைக்காதீர்கள். சிக்னல் பிடிக்கிற மோடம் பகுதியில் தனியாக இன்னொரு குட்டி ஓ.எஸ். ஓடிக்கொண்டிருக்கிறது. சிம் கார்டுக்குள்கூட ஒன்று உண்டு.

இவை எவ்வளவு குட்டி? ஃப்ரீஆர்டாஸ் என்று ஒன்று இருக்கிறது. ரிச்சர்ட் பாரி என்பவர் 2003 வாக்கில் தொடங்கியது. 2017 முதல் அமேசான் பராமரிக்கிறது. யாரும் காசு கொடுக்காமல் எடுத்துப் பயன்படுத்தலாம். அதன் மையப்பகுதி 6 முதல் 12 கிலோபைட்தான். காலையில் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வருகிற ரோஜாப்பூ குட்மார்னிங் படம் ஒன்று இதைவிடப் பத்து மடங்குக்கு மேல் பெரிசு! இந்த 12 கிலோபைட்டை வைத்துக்கொண்டு, ஒரே நேரத்தில் பல வேலைகளை வரிசைப்படுத்தி, எது முக்கியம், எது காத்திருக்கலாம் என்று முடிவு பண்ணி, குறித்த நேரத்தில் முடித்துக்கொடுக்கிறது.

இன்னும் எத்தனையோ உண்டு. கனடாவில் ஒட்டாவா பக்கம் பிறந்த க்யூ.என்.எக்ஸ். இன்றைக்குக் கோடிக்கணக்கான கார்களில் இருக்கிறது. கலிபோர்னியாவின் விஎக்ஸ்வொர்க்ஸ் ராக்கெட், விமானம், ஆஸ்பத்திரிக் கருவிகள் என்று போயிருக்கிறது. ஜப்பானில் பேராசிரியர் கென் சகாமுரா 1984-ல் தொடங்கிய ட்ரான் வழியில் வந்தவை அந்த ஊர் கேமரா, ஃபேக்ஸ், காரெல்லாம் ஓட்டின. இவற்றின் பெயர் உங்களுக்குத் தெரியாமல் இருந்தால் அது அவற்றுக்குப் பெருமைதான். ஒழுங்காக ஓடுகிற வரைக்கும் யாரும் தேட மாட்டார்கள்.

எங்கள் தொழிலில் ஒரு டிசைன் மீட்டிங் நடக்கிறது என்றால், அதில் பாதி நேரம் "எதை விட்டுவிடலாம்?" என்ற கேள்விக்கே போகும். பல யூசர்கள் வேண்டுமா? வேண்டாம். ஃபைல் சிஸ்டம்? வேண்டாம். ஒரு வேலை இன்னொன்றின் மெமரியில் கைவைக்காமல் தடுக்கிற பாதுகாப்பு? அந்த சிப்பில் வசதியே இல்லை, விடு. ஏன் இந்தக் கஞ்சத்தனம் என்றால், ஒரு சிப்புக்கு 10 சென்ட் மிச்சம் பிடித்தால், பத்து லட்சம் மெஷினுக்கு ஒரு லட்சம் யூரோ. மேனேஜர் கண்ணுக்கு அந்த எண் மட்டும்தான் தெரியும். (என் மேனேஜர் இதைப் படிக்க மாட்டார். தமிழ் தெரியாது.)

ஒன்றை மட்டும் விட முடியாது. அது நேரம். கார் மோதிய சில பத்து மில்லிசெகண்டுக்குள் ஏர்பேக் விரிய வேண்டும். ரெண்டு செகண்ட் கழித்து எவ்வளவு அழகாக விரிந்தாலும் பிரயோஜனம் இல்லை. உங்கள் லேப்டாப் பல மடங்கு வேகமானதுதான், ஆனால் சில சமயம் ஒரு வட்டத்தைச் சுற்றவிட்டு "இரு, வர்றேன்" என்று சொல்லும். பிரேக் அப்படிச் சொல்லக் கூடாது. அதனால்தான் இவற்றை ரியல் டைம் ஓ.எஸ். என்கிறோம்.

செவ்வாயில் ஒரு ரிப்பேர்

இந்த நேரக் கணக்கு தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் துறையில் எல்லோரும் சொல்கிற கதை ஒன்று உண்டு. 1997 ஜூலை 4 அன்று நாசாவின் பாத்ஃபைண்டர் செவ்வாயில் இறங்கியது. ஓடிய ஓ.எஸ். விஎக்ஸ்வொர்க்ஸ். முதல் சில நாள் பிரமாதம். பிறகு வானிலைத் தகவல் சேகரிக்க ஆரம்பித்ததும், திடீர் திடீரென்று கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆக ஆரம்பித்தது.

காரணத்தை நம்ம ஊர் மளிகைக் கடையை வைத்துச் சொல்கிறேன். குடோன் சாவி ஒன்றே ஒன்று. அது இப்போது கடைப் பையன் கையில். முதலாளிக்கு அவசரமாகக் குடோனில் வேலை, சாவிக்காகக் காத்திருக்கிறார். பையன் சாவியைக் கொடுத்துவிடுவான்தான். ஆனால் நடுவில் கணக்குப்பிள்ளை, "டேய், டீ வாங்கிட்டு வா, இந்தப் பில்லை ஜெராக்ஸ் எடு" என்று பையனை விடாமல் ஏவிக்கொண்டே இருக்கிறார். பையனைவிடக் கணக்குப்பிள்ளை பெரியவர், அதனால் அவன் தட்ட முடியாது. முடிவில், கடையிலேயே பெரியவரான முதலாளி, கணக்குப்பிள்ளையின் டீக்காகக் காத்திருக்கிறார். பாத்ஃபைண்டரில் வானிலை வேலைதான் கடைப் பையன். தகவல் பாதையை நிர்வகிக்கிற முக்கியமான வேலை முதலாளி. நடுவில் வந்தது தகவல் தொடர்பு வேலை. முக்கியமான வேலை நேரத்துக்கு முடியவில்லை என்று கண்டதும், கண்காணிப்பு ஏற்பாடு மொத்தக் கம்ப்யூட்டரையும் ரீஸ்டார்ட் பண்ணிவிட்டது.

இதற்கு மருந்து ஏற்கெனவே இருந்தது. சாவி யார் கையில் இருக்கிறதோ, அதைத் திருப்பிக் கொடுக்கும் வரை அவனுக்கு முதலாளி அந்தஸ்து. கணக்குப்பிள்ளை குறுக்கே வரக் கூடாது. இதைக் கணக்குப் போட்டு நிரூபித்த கட்டுரை 1990-ல் வந்தது. எழுதிய மூவர் லூயி ஷா, ரகுநாதன் ராஜ்குமார், ஜான் லெஹோஸ்கி. நடுவில் இருக்கிறவர் மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் பி.இ. முடித்துவிட்டு அமெரிக்காவில் கார்னகி மெலனுக்குப் போனவர். சென்னையில் அண்ணா சாலை சிக்னலில் நின்று பழகியவர்களுக்கு முன்னுரிமைப் பிரச்சினை புரிவதில் ஆச்சரியம் இல்லை என்று நான் ஜெர்மன் நண்பர்களிடம் வம்படியாகச் சொல்வதுண்டு.

விஎக்ஸ்வொர்க்ஸில் அந்த வசதி இருந்தது, ஆனால் அந்த இடத்தில் ஆஃப் பண்ணி வைத்திருந்தார்கள். நாசா எஞ்சினியர்கள் பூமியில் இருந்த மாதிரி வண்டியில் அதே கோளாறை வரவழைத்துப் பார்த்து, காரணம் கண்டுபிடித்து, அந்த வசதியை ஆன் பண்ணும் மாற்றத்தைச் செவ்வாய்க்கு அனுப்பினார்கள். ரீஸ்டார்ட் நின்றது. அப்போது தூரம் கிட்டத்தட்ட 19 கோடி கிலோமீட்டர்.

இந்தக் கதையைக் காலேஜில் படித்தபோது சாவியும் முன்னுரிமையும்தான் எனக்குப் பெரிசாகத் தெரிந்தது. இன்றைக்கு எனக்கு முக்கியமாகப் படுவது ரெண்டு விஷயம். ஒன்று, ஏவிய பிறகும் சாஃப்ட்வேரை மாற்றுகிற வழியை அவர்கள் விட்டுவிடாமல் வைத்திருந்தார்கள். ரெண்டு, கோளாறு வந்தபோது மேசையில் உட்கார்ந்து தேட ஆள் இருந்தார்கள்.

விடப்பட்ட எழுத்துகள்

கையடக்கக் கருவிகளிலும் "எதை விடலாம்" என்கிற அதே கேள்விதான். 1996-ல் பாம் பைலட் வந்தது. ஜெஃப் ஹாக்கின்ஸ் அதை வடிவமைக்கும் முன்பு, அதே சைஸில் ஒரு மரக்கட்டையைச் செதுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிந்தார் என்பது பிரசித்தம். யாராவது மீட்டிங்குக்குக் கூப்பிட்டால் கட்டையை எடுத்துக் குறிப்பது போல நடித்துப் பார்ப்பாராம். கடைசியில் வந்த மலிவான மாடலில் ரேம் 128 கிலோபைட். டிவி ரிமோட்டில் போடுகிற மாதிரி ரெண்டு சின்ன செல் போட்டால் வாரக்கணக்கில் ஓடியது. கலர் இல்லை, நாலே வேலை. ஆனால் பட்டனைத் தொட்டால் அந்தக் கணமே திறக்கும்.

லண்டனின் சயான் கம்பெனி தன் பாக்கெட் கம்ப்யூட்டர்களுக்கு எழுதிய ஓ.எஸ்., 1998-ல் நோக்கியா, எரிக்சன், மோட்டோரோலா கூட்டணியோடு சிம்பியன் ஆனது. நோக்கியா 6600 ஞாபகம் இருக்கிறதா? குண்டாக, சோப்புக் கட்டி மாதிரி. அதில் ஓடியது அதுதான். 2000-களின் நடுவில் உலகத்தில் விற்ற ஸ்மார்ட்போன்களில் பாதிக்கு மேல் சிம்பியன். அதில் புரோகிராம் எழுதுவது தண்டனை என்று சீனியர்கள் சொல்வார்கள். எடுத்த ஒவ்வொரு பைட் மெமரிக்கும் கணக்கு எழுதிவைத்து, பாதியில் ஏதாவது தப்பு நடந்தாலும் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். அந்தக் கண்டிப்பினால்தான் போன் மாசக்கணக்கில் ஆஃப் ஆகாமல் ஓடியது. ஐபோன் வந்த பிறகு மெமரி மலிவாகிவிட்டது, கண்டிப்புக்கு மதிப்பில்லாமல் போனது. 2011-ல் நோக்கியா விண்டோஸ் போன் பக்கம் சாய்ந்ததும் சிம்பியன் கதை முடிந்தது.

அந்தக் காலத்து போன்களில் விடப்பட்ட பொருள்களில் ஒன்று நம்ம தமிழ். இங்கே பிறந்த பிள்ளைகள் நம் பழைய மெசேஜ்களைப் பார்த்து, ஏன் எல்லாம் இங்கிலீஷ் எழுத்தில் இருக்கிறது என்று கேட்கிறார்கள். ஃபேஷனுக்காக மட்டும் அப்படி எழுதவில்லை, பெரும்பாலான போன்களில் எழுத்தே இல்லை. ஃபான்ட் மட்டும் போட்டால் போதாது. 'கொ' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோடு மெமரியில் முதலில் 'க', அதன் பின்னால் ஒகரக் குறி என்று இருக்கும். திரையில் வரையும்போது அந்தக் குறியை ரெண்டாக உடைத்து, கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைக்க வேண்டும். இடமிருந்து வலமாக வரிசையாக எழுத்தை அடுக்க மட்டுமே தெரிந்த குட்டி ஓ.எஸ்.ஸுக்கு இந்த வித்தை தெரியாது. சொல்லிக்கொடுக்கக் கூடுதல் கோட், கூடுதல் மெமரி. மீட்டிங்கில் யாரோ "விட்டுவிடலாம்" என்று சொல்லியிருப்பார்கள். எஸ்.எம்.எஸ்.ஸிலும் இதே கதை. இங்கிலீஷில் 160 எழுத்து, தமிழில் 70. அதிலும் 'கொ' ரெண்டாகக் கணக்கு. மலேசியாவின் முத்து நெடுமாறன் 2005-ல் கொண்டுவந்த செல்லினம் எவ்வளவு பெரிய வேலை என்பது, இந்த நெருக்கடிக்குள் உட்கார்ந்து கோட் எழுதியவர்களுக்குத்தான் முழுசாகப் புரியும்.

இன்று விடப்படுவது என்ன?

இன்றைக்கு மலிவான போனில்கூடத் தமிழ் பளிச்சென்று தெரிகிறது. மெமரி விலை இறங்கிவிட்டது. ஆனாலும் அந்த மீட்டிங் நிற்கவில்லை. இப்போது "விட்டுவிடலாம்" என்ற பட்டியலில் முதலில் இருப்பது அப்டேட்.

கொஞ்சம் விளக்குகிறேன். கரண்ட் போனாலும் பாழாகாத மாதிரி சாஃப்ட்வேரை மாற்ற வேண்டுமானால், கருவிக்குள் ரெண்டு அறை வேண்டும். பழையது ஒன்றில் ஓடிக்கொண்டிருக்கும்போது, புதுசை இன்னொன்றில் இறக்கிச் சரிபார்த்து, பிறகு மாற வேண்டும். அதாவது மெமரி இரட்டிப்பு. ஒரே அறை வைத்தால் காசு மிச்சம். ஆனால் பாதியில் பவர் கட் ஆனால் கருவி செங்கல். அந்தப் பயத்தில் அப்டேட்டே வேண்டாம் என்று விடுகிற கம்பெனிகள் உண்டு. இன்னொரு காரணமும் இருக்கிறது. மலிவான கேமராவின் சிப் ஒரு கம்பெனி, அதோடு வரும் சாஃப்ட்வேர் மூட்டை அவர்களுடையது, அதை வைத்துப் பெட்டி செய்கிறவர் வேறு, மேலே ஸ்டிக்கர் ஒட்டி விற்கிறவர் வேறு. விற்ற பிறகு வருமானம் இல்லை. ஓட்டை ஒன்று தெரிந்தால் அடைப்பது யார் வேலை?

2016-ல் மிராய் என்ற ஒரு புரோகிராம் என்ன செய்தது தெரியுமா? இன்டர்நெட்டில் இருக்கிற கேமரா, ரெக்கார்டர், ரௌட்டர் கதவையெல்லாம் தட்டி, தொழிற்சாலையில் போட்டுவிட்ட யூசர்நேம், பாஸ்வேர்டு அறுபது சொச்சத்தை ஒவ்வொன்றாக முயற்சி பண்ணியது. அவ்வளவுதான். லட்சக்கணக்கில் கருவிகள் வசமாயின. அக்டோபர் 21 அன்று அந்தப் படை டின் என்ற கம்பெனியின் சர்வர்களைத் தாக்க, அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் தடுமாறின. கேமராவுக்குச் சொந்தக்காரர்களில் பெரும்பாலானோருக்கு நடந்தது தெரிந்தே இருக்காது. அவர்கள் கேமரா வழக்கம்போல் வாசலைக் காட்டிக்கொண்டுதான் இருந்தது.

பெரிய இடத்திலும் இந்தக் கதை உண்டு. 2019 ஜூலையில் விஎக்ஸ்வொர்க்ஸின் நெட்வொர்க் பகுதியில் 11 ஓட்டைகள் வெளியாயின. அர்ஜென்ட்/11 என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பகுதியை முதலில் எழுதியது ஸ்வீடனைச் சேர்ந்த ஒரு கம்பெனி. 2006-ல் அதை விஎக்ஸ்வொர்க்ஸ்காரர்கள் வாங்கிவிட்டார்கள். அதற்கு முன்பே வேறு பல ஓ.எஸ்.காரர்கள் அந்தக் கோடை லைசென்ஸ் எடுத்திருந்தார்கள். பதின்மூன்று வருஷம் கழித்து, யார் யார் பெட்டிக்குள் அது இருக்கிறது என்று தேட வேண்டியதானது. ஆஸ்பத்திரியில் நரம்பு வழியாக மருந்து ஏற்றுகிற பம்ப்கூட அதில் சேர்த்தி. அந்த அக்டோபரில் அமெரிக்க எஃப்.டி.ஏ. எச்சரிக்கை விட்டது. விஎக்ஸ்வொர்க்ஸ்காரர்கள் மருந்து கொடுத்துவிட்டார்கள். அது படுக்கை ஓரத்து பம்ப் வரை போய்ச் சேர்ந்ததா என்பது ஒவ்வொரு ஆஸ்பத்திரியின் பாடு.

குட்டியாக இருப்பதே ஆபத்து என்று யாரும் நினைக்க வேண்டாம். என் அனுபவத்தில் நேர் எதிர். ஆஸ்திரேலியாவில் செல்4 என்று ஒரு குட்டி கெர்னலை எடுத்து, அதன் சுமார் 8,700 வரிக் கோடும் சொன்னதைத்தான் செய்யும் என்று 2009-ல் கணிதமாகவே நிரூபித்தார்கள். கோடிக்கணக்கான வரி உள்ள லினக்ஸுக்கு அதைச் செய்ய நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. எங்கள் பொள்ளாச்சி பக்கம் தோட்டத்து மோட்டார் ரூமில் செல்போன் ஸ்டார்ட்டர் மாட்டியிருப்பார்கள். உள்ளே ஒரு சிம். பதிவு பண்ணின நம்பரில் இருந்து கூப்பிட்டால் மோட்டார் ஓடும், கிணற்றில் தண்ணி இல்லை என்றால் தானே நின்றுவிடும். ராத்திரி ரெண்டு மணிக்கு த்ரீ ஃபேஸ் கரண்ட் வரும்போது, டார்ச் அடித்துக்கொண்டு பாம்புக்குப் பயந்து வரப்பில் நடந்த என் சித்தப்பாவுக்கு, ஐபோனைவிடப் பெரிய கண்டுபிடிப்பு அதுதான். அந்த மாதிரிப் பெட்டிகளில் பலவற்றில் ஓ.எஸ்.ஸே இருக்காது; ஒரே புரோகிராம் சுற்றிச் சுற்றி ஓடும். இன்டர்நெட் பக்கம் தலைவைத்துப் படுக்காது. அதனால் அதை யாரும் மிராய் ஆக்க முடியாது.

பிரச்சினை, குட்டிக் கருவியை இன்டர்நெட்டில் கட்டிவிட்டுக் கைகழுவும்போதுதான். கட்டுகிறவர்களில் நாமும் உண்டு. வெளிநாட்டில் இருக்கிற நம்மில் பல பேர் ஊரில் அப்பா அம்மா வீட்டுக்கு வாசலில் ஒன்று, ஹாலில் ஒன்று என்று கேமரா மாட்டிவிட்டு வந்திருக்கிறோம். அம்மா மாத்திரை போட்டாங்களா, அப்பா படியில் பார்த்து இறங்குகிறாரா என்று இங்கிருந்து ராத்திரியில் பார்க்கிறோம். அதில் தப்பே இல்லை. அந்த நிம்மதிக்கு விலை கிடையாது. ஆனால் நாம் பார்க்கிற வழியில் இன்னொருவனும் பார்க்கலாம். ஹாலில் சேலை மாற்றாமல் பாத்ரூமுக்குள் போய் மாற்றுகிற அளவுக்கு அம்மாவுக்கே அந்தக் கேமரா மேல் ஒரு சந்தேகம் இருக்கிறது. நமக்குத்தான் இல்லை.

சட்டங்கள் மெதுவாக வருகின்றன. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், எல்லாப் பெட்டிக்கும் ஒரே சுலபமான பாஸ்வேர்டு போட்டு விற்கக் கூடாது. குறைந்தது எத்தனை நாள் வரை பாதுகாப்பு அப்டேட் தருவோம் என்று சொல்லியே ஆக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் ரெசிலியன்ஸ் ஆக்ட், 2027 டிசம்பர் 11 முதல் முழுசாக அமலுக்கு வருகிறது. பொதுவாக ஐந்து வருஷமாவது ஓட்டைகளை அடைத்துக் கொடுக்க வேண்டும். எங்கள் ஆபீசில் இந்தச் சட்டத்தைத் திட்டாத ஆள் இல்லை; பேப்பர் வேலை அவ்வளவு. எனக்கு மட்டும் உள்ளூரச் சந்தோஷம். "ரெண்டு அறை வைக்கலாம்" என்று மீட்டிங்கில் சொன்னால் இப்போதுதான் மறுபேச்சு இல்லை. இந்தியாவிலும் சிசிடிவி கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனையைக் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். ஆனால் ஏற்கெனவே நம் வீட்டுச் சுவரில் ஆணியடித்து மாட்டியதை எந்தச் சட்டமும் வந்து பார்க்காது.

அதை நாம்தான் பார்க்க வேண்டும். ஊருக்குப் போகும்போது ஒரு மணி நேரம் போதும். பாஸ்வேர்டை மாற்றுங்கள். ரௌட்டரில் விருந்தினர் வைஃபை என்று தனியாக ஒன்று இருக்கும். கேமராவை அதில் போட்டால், அப்பா பேங்க் பார்க்கிற போனும் அதுவும் ஒன்றையொன்று தொடாது. ஆப்பில் கடைசி அப்டேட் தேதியைப் பாருங்கள். மூன்று நாலு வருஷமாக ஒன்றும் வரவில்லை என்றால் ஹால் கேமராவைக் கழற்றிவிடுங்கள், வாசல் கேமரா போதும். புதுசு வாங்கினால் எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பதற்கு முன்னால், எந்த வருஷம் வரைக்கும் அப்டேட் என்று கேளுங்கள்.

போன தடவை கோயம்புத்தூரில் ஒரு கடையில் நான் கேட்டேன். "ஒரு வருஷம் வாரண்டி சார்" என்றார். அது இல்லைங்க, அப்டேட் என்றேன். "அதெல்லாம் தானா வந்துரும் சார்." பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், தேதி எதுவும் இல்லை. வேறு கம்பெனி பெட்டி ஒன்றை எடுத்துக் காட்டச் சொன்னேன். அதிலும் இல்லை. மூன்றாவதாக ஒன்றில் பொடி எழுத்தில் ஒரு வருஷம் போட்டிருந்தது, விலை எண்ணூறு ரூபாய் அதிகம். "ஏன் சார், இதுல படம் இன்னும் நல்லா தெரியுமா?" என்று பக்கத்தில் நின்றவர் கேட்டார். ரெண்டிலும் படம் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டு அதையே வாங்கினேன்.